தண்டுவட மரப்பு நோயும் வீட்டுப் பராமரிப்பும்: கடலோர வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து, தொண்டியிலிருந்து சாயல்குடி வரையிலான கடற்கரை ஊர்களின் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையைத் தாக்குவதால் வருவது இந்நோய். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. ஒட்டுவாரொட்டி அல்ல. அரசுப் படிவங்களில் இதற்குத் தண்டுவட மரப்பு நோய் என்று பெயர். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களின் கேள்விகளுக்கே இங்கு முதலிடம் தந்திருக்கிறேன். மருந்தின் அளவு பற்றிய கேள்விகளை மட்டும் உங்கள் நரம்பியல் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு வயது 31. இந்நோய் இருப்பதை மதுரையில் கண்டறிந்து, இரண்டு ஆண்டுகளாக ஊசி போட்டு வருகிறோம். மார்கழி, தை மாதங்களில் தானாகக் கடைக்கு நடந்து போய்வருகிறவள், சித்திரை பிறந்துவிட்டால் மதியச் சமையல் முடிவதற்குள் கால் துவண்டு, பார்வை மங்கிப் படுத்துவிடுகிறாள். பொழுது சாய்ந்ததும் தெளிந்துவிடுகிறாள். நோய் முற்றுகிறதா? சோம்பல் என்று சொல்லும் வீட்டுப் பெரியவர்களுக்கு என்ன பதில் சொல்வது?
– விசைப்படகுத் தொழிலாளர், தங்கச்சிமடம்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இது நோய் முற்றுவதன் அடையாளமாகத் தெரியவில்லை, சோம்பலும் அல்ல. உறை தேய்ந்த நரம்பிழை, உடல் சூடு அரை டிகிரி செல்சியஸ் ஏறினாலே செய்தியைக் கடத்தத் திணறும். உடல் குளிர்ந்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். 1890ஆம் ஆண்டிலேயே வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், இந்நோயாளிகள் சிலருக்கு உடலை வருத்தி நடந்தபின் பார்வை மங்குவதையும் ஓய்வுக்குப்பின் தெளிவதையும் பதிவு செய்தார். மருத்துவர்கள் இன்றும் இதை அவர் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வருவதற்கு முன், சந்தேகத்துக்குரிய நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து, அறிகுறிகள் வெளிப்படுகின்றனவா என்று சோதித்த காலமும் இருந்தது. வெயில் உங்கள் மனைவியின் நரம்பில் புதிய சேதம் எதையும் உண்டாக்கவில்லை. ஏற்கெனவே உள்ள சேதத்தை வெளியே காட்டுகிறது. பெரியவர்களிடம் இதைப் பொறுமையாக, மனைவியின் முன்னிலையிலேயே சொல்லுங்கள். தன் உடல் பொய் சொல்வதாக மற்றவர்கள் நினைக்கிறார்கள் என்ற எண்ணம், துவண்ட காலைவிட அதிகமாக நோயாளியை வாட்டும்.

உண்மையான தாக்குதல் வேறு விதமாக வரும். புதிய அறிகுறி ஒன்றோ, பழைய அறிகுறி கடுமையாகத் திரும்புவதோ, காய்ச்சலும் தொற்றும் இல்லாத நிலையில் 24 மணி நேரத்துக்கு மேல் விடாமல் நீடித்தால் மட்டுமே அதைத் தாக்குதல் என்று மருத்துவர்கள் கருதுவார்கள். ஒரு கண்ணின் பார்வை நாளுக்கு நாள் மங்குவது, கண்ணை அசைக்கும்போது வலிப்பது, இடுப்புக்குக் கீழே புதிதாக மரத்துப்போவது, நடக்கையில் ஒரு பக்கமாகத் தள்ளுவது ஆகியவை ஒரு நாளுக்கு மேல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். இந்த வேறுபாட்டை மருத்துவரைவிட நீங்கள்தான் முதலில் காண்பீர்கள். எனவே ஒரு நோட்டில், என்ன குறைந்தது, எந்நேரத்தில், அப்போது காய்ச்சல் இருந்ததா, எவ்வளவு நேரத்தில் சரியானது என்பதை அன்றன்றே எழுதி வையுங்கள். மதுரையில் மருத்துவருக்கு முன்னால் உட்காரும் சில நிமிடங்களில், நினைவிலிருந்து சொல்வதைவிட அந்த நோட்டு எவ்வளவோ பயன் தரும்.

இனி வெயிலுக்கு வருவோம். இந்தக் கரையில் ஒரு வீட்டுக்குப் போனால் நான் முதலில் அடுப்படியைத்தான் பார்ப்பேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கையகலச் சன்னல், விறகடுப்பில் கொதிக்கும் குழம்பு, அதன் முன்னால் குத்தவைத்து அமர்ந்திருக்கும் பெண் என்ற காட்சியே பல வீடுகளில் இருக்கிறது. கடற்காற்றில் ஈரம் மிகுதி என்பதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. வியர்வை உலராமல் உடல் குளிர்வதில்லை. ஆகவே சமையலை விடிவதற்கு முன்பே முடித்துவிடுவதும், நின்றும் குத்தவைத்தும் செய்யும் வேலைகளை ஸ்டூலில் உட்கார்ந்து செய்வதும், அடுப்புக்கு முன்னும் பின்னும் குளிர்ந்த நீரில் குளிப்பதும், கழுத்திலும் மணிக்கட்டிலும் ஈரத்துண்டு போட்டு விசிறிக்காற்றில் அமர்வதும் நல்ல பயன் தரும். கூரைக்கு மேல் பனையோலை வேய்ந்தாலே அறையின் புழுக்கம் குறையும். உணர்ச்சி மரத்த இடத்தில் ஐஸ் கட்டியை நேரடியாக வைக்காதீர்கள். தோல் கருகினாலும் அவருக்குத் தெரியாது. அதே காரணத்தால், குளிக்கும் வெந்நீரின் சூட்டை உங்கள் கையால் பார்த்த பிறகே அவரைக் குளிக்கச் சொல்லுங்கள்.

விசைப்படகுகள் கரையேறி நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும், உங்கள் மனைவிக்கு மிகக் கடினமான வெயில் காலமும் ஒன்றாகவே வருகின்றன. வருமானம் நின்றுவிடும் கவலை எனக்குப் புரிகிறது. ஆயினும் நீங்கள் பகலெல்லாம் வீட்டில் இருக்கும் அந்த இரண்டு மாதங்களுக்கு மதியச் சமையல் உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வேலையையும் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. காலையில் அவரால் முடிந்ததை அவரே செய்யட்டும்; உடல் குளிர்ந்திருக்கும் நேரத்தில் நடையும் லேசான உடற்பயிற்சியும் தொடரட்டும். வேலையே செய்யாமல் கிடந்தால், நோய் தொடாத தசையும் வலுவிழந்துவிடும்.

கேள்வி: என் மாமிக்கு வயது 52, பத்து ஆண்டுகளாக இந்நோய் இருக்கிறது. சிறுநீர் வருவது தெரிந்ததும் அடக்க முடியவில்லை என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். இரண்டு முறை காய்ச்சல் வந்து, நடை முழுவதும் நின்றுபோய், பிறகு மெல்லத் தேறினார். நோன்பு வைக்க வேண்டும் என்றும் பிடிவாதமாக இருக்கிறார்.
– வாசகி, கீழக்கரை

பதில்: உங்கள் மாமியின் நடை நின்றதற்கு நோயின் புதிய தாக்குதலைவிடச் சிறுநீர்த் தொற்றே காரணமாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும், அவசரம் இன்னும் கூடும், கிருமி பெருகும், காய்ச்சல் வரும், காய்ச்சலில் நரம்பு துவளும். இந்தச் சுற்றை அறுக்காமல் மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை. மருத்துவர் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய, பகல் முழுவதும் சிறிது சிறிதாக ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை குடிக்கட்டும். தேநீரைக் குறைத்து, தூங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்திக்கொள்ளட்டும். அவசரம் வரும்வரை காத்திராமல் இரண்டு மூன்று மணிக்கொரு முறை கழிப்பறைக்குப் போகும் பழக்கம் நல்லது. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கும், கைப்பிடியும், வழுக்காத தரையும் இருக்க வேண்டும். அவசரமாக ஓடும்போதுதான் பலர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார்கள்.

சிறுநீர் அடங்காமல் வருகிறதென்றால் பை நன்றாகக் காலியாகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்நோயில் பல நேரங்களில் பாதி வெளியேறி, பாதி உள்ளேயே தேங்கிவிடும். சிறுநீர் கழித்த உடனே எடுக்கும் ஸ்கேனில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். 100 மில்லிலிட்டருக்கு மேல் தொடர்ந்து தேங்கினால், நாளுக்குச் சில முறை கதீட்டர் என்ற சிறிய குழாயைத் தாமே செலுத்திச் சிறுநீரை வெளியேற்றும் முறையை மருத்துவர் பரிந்துரைக்கக்கூடும். பெண்கள் முதலில் மிகவும் கூச்சப்படுகிறார்கள். பொறுமையான செவிலியர் ஒருவர் தனியறையில் கற்றுக்கொடுத்தால் பழகிவிடும். அதன்பின் ஓர் இரவை முழுதாகத் தூங்குவது எத்தகைய நிம்மதி என்பதை அவர்களே சொல்வார்கள்.

நோன்பைப் பொறுத்தவரை, நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு என்பதை மாமிக்கு நம்பிக்கையான ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவர் மூலம் சொல்லச் செய்யுங்கள். மருமகள் தடுத்தாள் என்று இருப்பதைவிட அதுவே நல்லது. பகல் முழுவதும் தண்ணீரில்லாமல், அதுவும் வெயில் மாதத்தில், தொற்றுக்கு ஆளாகும் உடல்நிலை அவருடையது.

கேள்வி: எங்கள் காக்காவுக்கு (அண்ணனுக்கு) வயது 44. கட்டிலும் சக்கர நாற்காலியுமாக இருக்கிறார். ஒரு மாதமாக இரவில் கால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன. மாத்திரையைக் கூட்டியும் அடங்கவில்லை. முதுகுக்குக் கீழே ஓரிடம் கறுத்திருக்கிறது. எண்ணெய் தேய்த்து அழுத்திவிடலாமா?
– வாசகர், பெரியபட்டினம்

பதில்: கறுத்த இடத்தில் எண்ணெய் தேய்த்து அழுத்தவே கூடாது. அடியில் நசுங்கியிருக்கும் திசு அந்த அழுத்தத்தால் இன்னும் சிதையும்.

உங்கள் கடிதத்தில் தனித்தனியாக எழுதியிருக்கும் இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருக்கலாம். தண்டுவடம் பாதிக்கப்பட்டவரின் உடலில் வலி தெரியாத இடத்திலிருந்து எழும் உறுத்தல், தசை இழுப்பாக வெளிப்படும். ஆகவே இழுப்பு திடீரென்று கூடினால், மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்பு உடலில் எங்கே உறுத்துகிறது என்று தேட வேண்டும். சிறுநீர் கலங்கலாகவோ நாற்றமாகவோ இருக்கிறதா, எத்தனை நாளாக மலம் போகவில்லை, கால் நகம் சதைக்குள் வளர்ந்திருக்கிறதா, கைலி முடிச்சோ கால்சட்டைத் தையலோ எங்காவது அழுத்துகிறதா, படுக்கைப்புண் தொடங்குகிறதா என்று பாருங்கள். காரணம் நீங்கினால் இழுப்பு பெரும்பாலும் தானே தணியும். இழுப்புக்குத் தரும் பேக்லோஃபென் மாத்திரையை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், பலனில்லை என்று ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம்; திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும்.

இப்போது புண்ணைப் பார்ப்போம். நம் நிறத்தில் தோல் சிவப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. கறுத்துத் தெரிவதற்குள் நாள் கடந்துவிடுகிறது. எனவே காலையும் இரவும் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, டார்ச் வெளிச்சத்தில் வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கங்கள், குதிகால், கணுக்கால், முழங்கை என்று ஒவ்வோர் எலும்பு மேட்டையும் பாருங்கள். பிறகு புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிட ஓரிடம் சூடாகவோ, கெட்டியாகவோ, சதசதவென்றோ இருந்தால் அது புண்ணின் தொடக்கம். அந்த இடத்தின் மேல் பாரம் படாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் மருந்து. படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். முழுப்பக்கமாகச் சாய்த்தால் இடுப்பெலும்பு அழுந்தும் என்பதால், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துச் சற்றே சாய்ந்த நிலையில் படுக்கவையுங்கள். குதிகாலுக்கு அடியில் எதையும் வைக்காமல், கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகால் படுக்கையில் படாமல் நிற்கச் செய்யுங்கள். பல வீடுகளில் வட்டமாக ஊதிய ரப்பர் வளையத்தின் மேல் உட்காரவைக்கிறார்கள். வளையத்தின் விளிம்பு இரத்த ஓட்டத்தைத் தடுத்து நடுப்பகுதியை மேலும் கெடுக்கும், வேண்டாம். சக்கர நாற்காலியில் இருக்கும்போது கால் மணி முதல் அரை மணிக்கொரு முறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ பாரத்தை மாற்றட்டும். தோல் உரிந்திருந்தாலோ நீர் கசிந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

புரட்டும்போது அவர் கையைப் பிடித்து இழுப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். வலுவிழந்த தோள் மூட்டு நழுவிவிடும். தோளிலிருந்து தொடை வரை எட்டும்படி, நான்காக மடித்த பருத்திப் போர்வை ஒன்றை அவருக்கு அடியில் எப்போதும் விரித்து வையுங்கள். இருவர் இரு பக்கமும் நின்று அதன் ஓரங்களைச் சுருட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கிக்கொண்டு ஒரே நேரத்தில் தூக்கி நகர்த்தினால், அவர் தோல் படுக்கையில் தேயாது, உங்கள் இடுப்பும் பிடித்துக்கொள்ளாது. புரட்டுவதற்கு முன் அவரிடம் சொல்லிவிட்டுப் புரட்டுங்கள். எந்தப் பக்கம் வசதி என்று கேளுங்கள். தன் உடலைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை கட்டிலில் கிடப்பவருக்கும் உண்டு.

கேள்வி: என் தங்கைக்கு வயது 26. ஓராண்டாக எந்தத் தொந்தரவும் இல்லை. ஊசி போட்ட இரவு காய்ச்சல் வருகிறது. ஏர்வாடி தர்காவில் ஓதிய தண்ணீரும், ஒருவர் தரும் சூரணமும் போதும், ஊசியை நிறுத்துங்கள் என்கிறார்கள். அவளுக்குத் திருமணம் செய்துவைக்கலாமா? பிள்ளைகளுக்கு வருமா?
– வாசகர், தொண்டி

பதில்: ஓராண்டாகத் தொந்தரவு இல்லாமலிருப்பதில் ஊசிக்கும் பங்கு இருக்கலாம். இந்த ஊசிகள் இன்றைய தளர்ச்சியைப் போக்குவதற்கல்ல, நாளைய தாக்குதல்களைக் குறைப்பதற்கு. அதனால்தான் போடும்போது பயன் தெரியாமலும், நிறுத்திச் சில காலம் கழித்து இழப்பு தெரிவதுமாக இருக்கிறது. 1993இல் வந்த இன்டர்ஃபெரான் ஊசியில், போட்ட இரவு குளிர்காய்ச்சல் போன்ற உடல்வலி வருவது வழக்கம். மருத்துவரைக் கேட்டு முன்கூட்டியே பாரசிட்டமால் எடுத்துக்கொண்டு, படுக்கைக்குப் போகும்போது போட்டுக்கொண்டால் பெரும்பாலும் தூக்கத்திலேயே கழிந்துவிடும். தாங்கவே முடியவில்லையென்றால் வேறு மருந்துகள் இருக்கின்றன, கேளுங்கள். ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள், ஃப்ரீசரில் அல்லாமல் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வைக்க வேண்டும். மின்சாரம் நெடுநேரம் போகும் ஊர்களில் இதைக் கவனிக்காமல், கெட்டுப்போன மருந்தையே போட்டுக்கொண்டிருக்க நேரும்.

தர்காவில் துஆ செய்வதற்கும் ஊசிக்கும் எந்தப் பகையும் இல்லை. மனதுக்குத் தெம்பு தருவதை நான் ஒருபோதும் தடுக்க மாட்டேன். பெயர்ச்சீட்டு இல்லாத சூரணத்தைத்தான் தடுப்பேன். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சில வாரம் குணமானதுபோலத் தோன்றி, பிறகு சர்க்கரையும் எலும்புத் தேய்மானமும் வந்து சேரும். ஸ்டெம் செல் ஊசியால் முழுக்குணம் என்று பல லட்சம் கேட்கும் விளம்பரங்களையும் நம்ப வேண்டாம். மருத்துவரிடம் கேட்க வேண்டியது வேறொன்று உண்டு. இதைப் போலவே பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்ற இன்னொரு நோய் இருக்கிறது. அக்வாபோரின் 4 எதிர்ப்பொருள் என்ற இரத்தப் பரிசோதனை அதைப் பிரித்தறிய உதவும். அந்த நோயில் இன்டர்ஃபெரான் உள்ளிட்ட சில மருந்துகள் தீங்கு செய்யும். அந்தப் பரிசோதனை செய்யப்பட்டிருக்கிறதா என்று பழைய அறிக்கைகளைப் பாருங்கள்.

திருமணம் செய்துவைக்கலாம், மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லிச் செய்துவையுங்கள். பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு, மேலைநாட்டுக் கணக்குகளில் ஏறத்தாழ 100க்கு 2 மட்டுமே. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாக்குதல்கள் குறைந்து, பிரசவத்துக்குப்பின் முதல் மூன்று மாதங்களில் கூடுவது பெரும்பாலும் காணப்படுகிறது. தாய்வீட்டார் அந்தக் காலத்தில் அருகில் இருப்பது அவசியம். இந்நோய்க்குத் தரும் டெரிஃப்ளூனமைடு போன்ற சில மாத்திரைகள் கருவைப் பாதிக்கும் என்பதால், கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: வேண்டுதல் நிறைவேற்ற ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தங்களிலும் நீராட விரும்புகிறார் என் சகோதரி. கைத்தடியுடன் நடப்பவர். அனுமதிக்கலாமா?
– வாசகி, உச்சிப்புளி

பதில்: குளிர்ந்த நீர் அவருக்கு நல்லதே. ஈரமான கல்தரையும், கூட்டமும், நெடுநேரம் நிற்பதும்தான் ஆபத்து. வெயில் மாதத்தையும் அமாவாசை நாட்களையும் தவிர்த்து, அதிகாலையில், இருபுறமும் ஆள் துணையோடு, சக்கர நாற்காலியையும் கொண்டு செல்லுங்கள். நடுவில் கால் துவண்டால் மிச்சத் தீர்த்தங்களைத் தலையில் தெளித்துக்கொண்டு நிறைவு செய்வதென்று புறப்படும்போதே அவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குக் கஞ்சி குடிக்கும்போது அடிக்கடி புரை ஏறுகிறது.
– வாசகர், வாலிநோக்கம்

பதில்: உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய அறிகுறி இது, உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். அதுவரை அவரை நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியால், ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய் கொடுங்கள். நீர்த்த கஞ்சியும் தண்ணீரும்தான் அதிகம் புரையேறும். கெட்டியான கூழும் குழைந்த சோறும் எளிது. மீனை முள் நீக்கி மசித்துக் கொடுங்கள். விழுங்கும்போது முகவாயை நெஞ்சை நோக்கித் தாழ்த்தச் சொல்லுங்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்கவைக்க வேண்டாம்.

கேள்வி: அரசு உதவி ஏதும் உண்டா? என் மகன் பார்வைக்கு நன்றாக இருக்கிறான் என்று சொல்லி அடையாள அட்டையை மறுத்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன்.
– வாசகி, திருப்பாலைக்குடி

பதில்: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பட்டியலிடப்பட்டுள்ள 21 வகைகளில் இந்நோயும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. ராமநாதபுரத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, தண்டுவட மரப்பு நோய்க்கான மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை பற்றியும் கேளுங்கள். உங்கள் அச்சம் நியாயமானதே. ஏறி இறங்கும் நோய் என்பதால், குளிர்ந்த காலைப்பொழுதில் பரிசோதிக்கும் மருத்துவருக்குப் பாதி குறைபாடு தெரியாமல் போகும். எம்.ஆர்.ஐ. அறிக்கை, மருத்துவமனைச் சுருக்கங்கள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். மகன் எத்தனை அடி நடந்தபின் துவள்கிறான், எழுத்து எப்போது கண்ணுக்கு மங்குகிறது, கழிப்பறைக்கு யார் துணை போகிறார்கள் என்பதை அவனே சொல்லட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். உங்கள் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மகனின் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு வயது 38. படுக்கையிலேயே இருக்கிறார். காலையில் மீன் கூடையுடன் போய் மதியம் திரும்பும் எனக்கு, அதன்பின் இரவு வரை அவரைப் பார்ப்பதே வேலை. சொன்னதையே மறந்துவிடுகிறார், காரணமில்லாமல் அழுகிறார், சாவு வீட்டுச் செய்தி கேட்டுச் சிரிக்கிறார். சில இரவுகளில் கை ஓங்கிவிட்டுப் பின்பு அழுகிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்களை நான் குறை சொல்லப் போவதில்லை, அம்மா. ஓய்வே இல்லாத உடலிலிருந்து ஓங்கும் கை அது. ஆனால் அது இறங்கிவிடக் கூடாது. அதனால் இன்றே சில ஏற்பாடுகள் செய்ய வேண்டும்.

அவர் நடத்தையை முதலில் விளக்குகிறேன். இந்நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நினைவும் சிந்தனை வேகமும் குறைகின்றன. ஏறத்தாழ அதே அளவினருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது கடுமையான மனச்சோர்வு வருகிறது. மூளையில் உணர்ச்சி வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்தும் பாதை பழுதானால், மனதில் துக்கமோ மகிழ்ச்சியோ இல்லாமலேயே அழுகையும் சிரிப்பும் பீறிடும். சாவுச் செய்திக்கு அவர் சிரித்தபோது அவர் மனம் சிரிக்கவில்லை. இதற்கும் மனச்சோர்வுக்கும் மருந்து உண்டு. மறதிக்கு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்வதும், அன்றைய வேலைகளைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பதும் உதவும். தொலைக்காட்சி ஓடும்போது எதையும் கேட்காதீர்கள்.

அடுத்தது உங்களைப் பற்றி. கை ஓங்கத் தோன்றும் கணத்தில், அவர் கட்டிலிலிருந்து விழாத நிலையில் இருப்பதைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்து நில்லுங்கள். பத்து நிமிடம் அவர் தனியே இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. அதனால் அவரைக் கைவிட்டதாகவும் ஆகாது. வாரத்தில் ஒரு மாலைப்பொழுதாவது அவருடைய உடன்பிறந்தவர் ஒருவர் வந்து உட்கார வேண்டும். பொதுவாக உதவி கேட்டால் யாரும் வருவதில்லை. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு வந்து ஆறு மணி வரை இருங்கள், ஒரு முறை புரட்டிப் படுக்கவைத்தால் போதும் என்று கேட்டால் வருவார்கள். இரவில் மனம் தாங்காதபோது, நாள் முழுவதும் இயங்கும் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ அழையுங்கள். கட்டணமில்லை, தமிழில் பேசலாம். உங்களுக்கோ அவருக்கோ செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் விடியும்வரை காத்திராமல் அப்போதே அழைக்க வேண்டும்.

நீங்கள் மருந்துச் சீட்டை மட்டும் காட்டிவிட்டுத் திரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை அவருடைய மறதியையும், அழுகையையும், சிரிப்பையும், உங்கள் தூக்கமின்மையையும் நரம்பியல் மருத்துவரிடம் ஒன்று விடாமல் சொல்லுங்கள். கணவர் முன்னிலையில் சொல்லக் கூச்சமாக இருந்தால், தனியே இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்று முதலிலேயே செவிலியரிடம் சொல்லி வையுங்கள்.